தோலுக்கு வாரம், எலும்புக்கு மாதம்

1980-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில், கேட்டாலே உடம்பு கூசும் ஒரு சோதனை நடந்தது. நோய் முற்றியதால் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட மனிதப் பாதங்களை ஓர் இயந்திரத்தில் பொருத்தி, ஓடுகிறவர் காலில் விழும் அளவுக்குச் சுமையை ஏற்றி இறக்கினார்கள். பாதம் எவ்வளவு அமுங்குகிறது, சுமை நீங்கியதும் எவ்வளவு விசையோடு மீள்கிறது என்று அளந்தார்கள். பிறகு உள்ளங்காலின் அடியில் ஓடும் நார்களை ஒவ்வொன்றாக அறுத்து, ஒவ்வொரு முறையும் மறுபடி அளந்தார்கள்.

ஆர்.எஃப். கெர், மெக்நீல் அலெக்சாண்டர் முதலியோர் 1987-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்கு இது: 70 கிலோ எடையுள்ள ஒருவர் வினாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடினால், கால் தரையில் ஊன்றி எழும் ஒவ்வொரு முறையும் உடல் சுமார் 100 ஜூல் ஆற்றலை இழந்து, திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அதில் ஏறத்தாழ 35 ஜூல், கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணில் சேமிப்பாகிறது. இன்னொரு 17 ஜூல், பாதத்தின் வளைவில். கால் ஊன்றும்போது இரண்டும் இழுபடுகின்றன. எழும்போது சுருங்கி, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கின்றன. முழங்காலுக்குக் கீழே இருக்கும் சில நார்கள், ஓட்டத்தின் செலவில் ஏறக்குறைய பாதியைச் சாப்பாடு கேட்காமல் பார்த்துக்கொள்கின்றன.

இப்படி ஓர் ஏற்பாடு உடம்பிலேயே இருக்கும்போது அதன்கீழ் தடிமனான மெத்தை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கடந்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் பலர் ஷூவைக் கழற்றிவிட்டு ஓடத் தொடங்கியதற்கு அந்தக் கேள்வியே காரணம். அவர்களில் கணிசமானோர் சில மாதங்களில் எலும்பு மருத்துவரிடம் போய் நின்றார்கள் என்பதும் உண்மை. இரண்டுமே எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று பார்த்தால், வெறுங்கால் ஓட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

ரூபாய் நோட்டின் பலம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து 52 எலும்புகள் என்றால், உடம்பின் 206 எலும்புகளில் நாலில் ஒரு பங்கு தரையை ஒட்டியே கிடக்கிறது. இத்தனை துண்டுகளால் ஆன ஒன்று ஊன்றும்போது நெகிழவும் வேண்டும். உந்தும்போது விறைக்கவும் வேண்டும்.

அந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது? குதிகாலிலிருந்து விரல்வரை நீளவாக்கில் செல்லும் வளைவைத்தான் வெகுகாலம் எல்லோரும் கைகாட்டினார்கள். 2020-இல் மதுசூதன் வெங்கடேசன், ஷ்ரேயாஸ் மாந்த்ரே, மகேஷ் பாண்டி ஆகியோரின் குழு இன்னொரு வளைவைக் காட்டியது. பாதத்தின் நடுவில் குறுக்குவாக்கில் போகும் வளைவு அது. ஒரு ரூபாய் நோட்டை ஓரத்தில் பிடித்துப் பாருங்கள், துவண்டு தொங்கும். அதே நோட்டைப் பிடித்த இடத்தில் குறுக்கே லேசாக வளைத்துவிட்டால் நிமிர்ந்து நிற்கும். தாள் மாறவில்லை, வளைவு சேர்ந்ததும் விறைப்பு வந்துவிட்டது. மனிதப் பாதத்தின் நீளவாட்ட விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தக் குறுக்கு வளைவின் பங்கு என்று அவர்கள் கண்டார்கள்.

இந்த வளைவுகளைத் தாங்கிப் பிடிக்க, உள்ளங்காலுக்குள் சின்னச் சின்னத் தசைகள் நான்கு அடுக்குகளாக இருக்கின்றன. வளையாத அடிப்பாகமும் வளைவுக்கு முட்டுக்கொடுக்கும் திண்டும் உள்ள ஷூவில் இவற்றுக்கு வேலை குறைவு. வேலையில்லாத தசை என்ன ஆகும் என்பதை, எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள் கட்டைப் பிரித்த அன்று கண்ணால் பார்த்திருப்பார்கள்.

இதற்குத் தென்னிந்தியாவிலேயே ஒரு சாட்சியம் உண்டு. மணிப்பாலின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த யு.பி. ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுவரையிலான 2,300 குழந்தைகளின் பாத அச்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். 1992-இல் வெளியான அந்த ஆய்வில், காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு. விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அது அதிகம். செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. இதைக் கொண்டு காலணியே காரணம் என்று தீர்ப்பெழுத முடியாது. ஆனால் வளரும் பாதத்துக்கு வேலை கொடுத்தால் நல்லது என்ற பக்கம் தராசு சாய்கிறது.

உள்ளங்காலின் செய்தி

பாதத்தைச் சுமை தாங்கும் உறுப்பாக மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். அது உணரும் உறுப்பும்கூட. உள்ளங்காலின் தோலுக்கு அடியில் தொடுகை, அழுத்தம், அதிர்வு, தோல் இழுபடுதல் ஆகியவற்றைத் தனித்தனியே பிடிக்கும் நான்கு வகை உணர்விகள் இருக்கின்றன. சாலை சரிந்திருக்கிறதா, எடை முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்ற செய்தி ஒவ்வொரு அடிக்கும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அதைப் பொறுத்து முழங்காலின் மடக்கமும் கெண்டைச்சதையின் இறுக்கமும் நமக்குத் தெரியாமலேயே மாறுகின்றன.

அப்படியானால் நடந்து நடந்து காய்த்துப்போன காலுக்கு உணர்ச்சி மழுங்கிவிடாதா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் ஹோலோவ்காவும் டேனியல் லீபர்மனும் கென்யாவுக்குப் போய் இதைச் சோதித்தார்கள். வெறுங்காலில் நடப்பவர்கள், காலணி போடுபவர்கள் இரு சாராரின் காய்ப்பின் தடிமனையும் அளந்து, உள்ளங்காலில் நுண்ணிய அதிர்வைக் கொடுத்து எந்த அளவில் உணர்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2019-இல் வெளியான முடிவு: வெறுங்காலினரின் காய்ப்பு தடித்திருந்தது, ஆனால் உணர்ச்சியில் குறைவில்லை. காய்ப்புக் கெட்டியாக இருப்பதால் அதிர்வை அப்படியே உள்ளே கடத்துகிறது. ஷூவின் மெத்தை மென்மையாக இருப்பதால் விழுங்கிவிடுகிறது. இரண்டுமே காலைக் காக்கின்றன. செய்தியை உள்ளே விடுவது காய்ப்பு மட்டும்தான்.

ஒரு கிலோவா, நாலு கிலோவா?

அந்தச் செய்தி ஓட்டத்தை என்ன செய்கிறது என்பதை லீபர்மன் குழுவே 2010-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியிருந்தது. அமெரிக்காவிலும் கென்யாவிலும் வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களையும் ஷூவில் ஓடிப் பழகியவர்களையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஷூக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குதிகால் முதலில் இறங்கியது. ஓட்டக்காலணியின் குதிகால், முன்பாகத்தைவிட வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரம். அங்கே மெத்தையும் அதிகம். எனவே குதிகாலில் விழுந்தால் வலிக்காது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களில் பலர் முன்பாதத்தின் வெளியோரத்தை முதலில் வைத்து, பிறகு குதிகாலை மெல்ல இறக்கினார்கள்.

வித்தியாசம், தரையில் மோதி நிற்கும் எடையில் இருக்கிறது. வெறுங்காலோடு குதிகால் முதலில் இறங்கினால், பாதமும் அதன் மேலுள்ள கீழ்க்காலும் ஒரே நொடியில் தடாலென்று நிற்கின்றன. உடல் எடையில் ஏறத்தாழ 6.8 சதவீதம் அங்கே மோதுகிறது. முன்பாதம் முதலில் இறங்கினால் கணுக்கால் மடங்கி வேகத்தை வாங்கிக்கொள்கிறது, மோதுவது 1.7 சதவீதம்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாலு கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். ஷூவின் மெத்தை அந்த நாலு கிலோ மோதலைத் தணிக்கிறது. வெறுங்காலில் முன்பாதம் ஊன்றுகிறவருக்குத் தணிக்க வேண்டிய மோதலே பெரிதாக எழுவதில்லை.

இதைப் படித்ததும், ‘அப்படியானால் முன்பாத ஊன்றல்தான் இயற்கை’ என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். 2013-இல் வந்த இன்னோர் ஆய்வு அவசரப்படாதீர்கள் என்றது. வட கென்யாவின் டாசனாச் மக்கள் ஆயுள் முழுக்க வெறுங்காலில் வாழ்பவர்கள். கெவின் ஹட்டாலா குழு அவர்களில் 38 பேரை அவரவருக்குச் சௌகரியமான வேகத்தில் ஓடச் சொன்னது. 72 சதவீத ஊன்றல்கள் குதிகாலில்தான் விழுந்தன. வேகம் கூடக் கூடத்தான் முன்னே நகர்ந்தன. ஆக, வெறுங்கால் எல்லோருக்கும் ஒரே ஓட்டத்தைக் கற்றுத் தருவதில்லை. வேகம், தரை, பழக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தனக்கு வலிக்காத வழியைக் கால் தேடிக்கொள்கிறது.

ரோமில் வெறுங்கால், டோக்கியோவில் ஷூ

வெறுங்கால் ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அபெபெ பிகிலா வந்துவிடுவார். 1960 ரோம் ஒலிம்பிக்கில், எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படை வீரரான அவர், கொடுத்த ஷூ காலுக்குச் சரிப்படாததால், பயிற்சியில் பழகியபடியே வெறுங்காலில் மாரத்தான் ஓடினார். கல்பாவிய பழைய சாலைகளிலும் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் முடித்து, உலகின் மிகச் சிறந்த நேரத்தோடு தங்கம் வென்றார்.

கதையை இங்கே நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அதே பிகிலா 1964-இல் டோக்கியோவில் ஷூவும் காலுறையும் அணிந்து ஓடினார். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தும் 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் வந்து, தன் ரோம் நேரத்தை மூன்று நிமிடத்துக்கும் மேல் முந்தினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஸோலா பட் 1985-இல் 5,000 மீட்டரை வெறுங்காலில் 14 நிமிடம் 48.07 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்ததும் உண்மை. ஒரு மாபெரும் வீரருக்குக் காலில் ஷூ இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம்பட்சம்.

சராசரி ஓட்டக்காரருக்கு? கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராட்ஜர் கிராம் குழு 2012-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, பாதத்தில் ஏறும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஓட்டத்தின் ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது. அந்த வகையில் வெறுங்காலுக்கு லாபம். ஆனால் மெத்தை இல்லாத குறையைக் கால் தசைகள் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் அந்த லாபம் கரைந்துவிடுகிறது. எடை குறைந்த ஷூவோடு ஒப்பிட்டால் வெறுங்காலுக்குச் சிக்கனம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இன்றைய போட்டி ஷூக்கள் கார்பன் தகடும் தடித்த நுரையுமாக எங்கேயோ போய்விட்டன. அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-இல் எல்லைக்கோடு போட வேண்டியதாயிற்று. வேகம்தான் வேண்டுமென்றால் கடைக்குப் போகலாம். வெறுங்கால் தருவது வேறு: கால் என்ன செய்கிறது என்று நமக்கே தெரிய வருவது, சும்மா கிடந்த தசைகளுக்கு வேலை கிடைப்பது.

பத்து வாரத்தில் என்ன நடந்தது?

2009-இல் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய ‘பார்ன் டு ரன்’ வெளிவந்தது. மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் டயர் ரப்பரில் செய்த செருப்போடு வெகுதூரம் ஓடும் ரராமுரி மக்களைப் பற்றிய அந்தப் புத்தகமும், அடுத்த ஆண்டு வந்த லீபர்மன் ஆய்வும் சேர்ந்து ஓர் அலையைக் கிளப்பின. வெறுங்காலுக்கும் ஷூவுக்கும் நடுவில் நிற்கும் ‘மினிமலிஸ்ட் ஷூ’ விற்றுத் தீர்ந்தது. அடிப்பாகம் சில மில்லிமீட்டர் தடிமன். குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டம். விரல்கள் விரிய இடம். கையால் சுருட்டினால் சுருளும். விரலுக்கு ஓர் உறை வீதம் கையுறைபோல் இருந்த விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ் அவற்றில் பிரபலம். பாத ஆரோக்கியம் பற்றிய விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று தொடரப்பட்ட வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் டாலர் தர அந்த நிறுவனம் 2014-இல் இசைந்தது. அலை அடங்கியது.

இடையில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா ரிட்ஜ் குழு ஒரு காரியம் செய்தது. அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் 17 பேரை வழக்கமான ஷூவிலேயே ஓடவிட்டு, 19 பேரைப் பத்து வாரத்தில் படிப்படியாக ஃபைவ்ஃபிங்கர்ஸுக்கு மாறச் சொன்னது. முன்னும் பின்னும் பாதங்களை எம்.ஆர்.ஐ. எடுத்தது. மாறியவர்களில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்க்கோவை கூடியிருந்தது. தாங்கும் சக்திக்கு மேல் வேலை வாங்கப்படும் எலும்பு காட்டும் அடையாளம் அது. விட்டால் நுண்முறிவில் போய் முடியும். பழைய ஷூக்காரர்களில் இப்படி ஆனவர் ஒருவர்தான்.

ஏன் இப்படி? உடம்பின் ஒவ்வொரு திசுவும் தனித்தனி வேகத்தில் பழகுகிறது. உள்ளங்கால் தோல் சில வாரங்களில் கெட்டிப்படும். தசை ஒன்றிரண்டு மாதத்தில் பலம் பெறும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு; அது இன்னும் நிதானம். எலும்பின் வழி விசித்திரமானது. புதுச்சுமை வந்ததும் அது முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது. அந்த வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கரைந்த இடத்தில் புது எலும்பைக் கட்டி முடிக்க ஏறத்தாழ மூன்று மாதம். அதாவது, பயிற்சி தொடங்கி ஒன்றிரண்டு மாதம் ஆன நேரத்தில் எலும்பு முன்பைவிட நலிந்திருக்கக்கூடும். சரியாக அந்த நேரத்தில்தான் தோல் பழகி, சதைவலி விட்டு, ‘அடடா, பறக்கிறோம்’ என்று மனசு துள்ளும். ஆழம் தெரியாமல் காலை விடும் இடம் அதுதான்.

மினிமலிஸ்ட் ஷூவின் கண்ணியும் இங்கேதான். முழு வெறுங்காலில் முதல் நாள் அரை கிலோமீட்டர் ஓடினால் உள்ளங்கால் எரியும்; நிறுத்திவிடுவோம். எலும்பு இதுவரை பார்த்திராத சுமை அதிகம் விழாமல் தோல் தடுத்துவிட்டது. நாலு மில்லிமீட்டர் ரப்பர், தோலை எரிச்சலிலிருந்து காப்பாற்றும். எலும்பைச் சுமையிலிருந்து காப்பாற்றாது. எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு ஐந்து கிலோமீட்டர் ஓடச் செய்துவிடும். எனவே பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, முதலில் வெறுங்கால், பிறகு மெல்லிய ஷூ என்று போவதே பாதுகாப்பான வரிசை என்பது என் கட்சி. சாலையில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறது, வெயில் சுடுகிறது என்றால் மெல்லிய ஷூவைப் போடுங்கள். ஆனால் வெறுங்கால் அனுமதித்த தூரத்துக்கு மேல் போகாதீர்கள்.

தொடக்கம்: முதலில் நடை

அதே சாரா ரிட்ஜ் 2019-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார். மினிமலிஸ்ட் ஷூவில் நடந்தவர்களின் பாதத் தசைகள், எட்டு வாரத்தில், தனியாகப் பாதப் பயிற்சி செய்தவர்களின் தசைகள் அளவுக்கே வலுப்பெற்றிருந்தன. ஓட வேண்டியதில்லை, நடந்தாலே பாதம் கற்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் முன்தொகை இருக்கிறது. செருப்பை வாசலிலேயே விட்டுவிடும் வீடுகளும் கோயில்களும் நம்முடையவை. பழநிக்கு வெறுங்காலில் பாதயாத்திரை போய்வந்த கால்கள் எத்தனையோ. ஆனாலும் அந்தக் கால்களை நம்பி மறுநாளே ஓட முடியாது. நடக்கும்போது ஒரு காலில் விழும் உச்ச விசை உடல் எடையை ஒட்டி, சற்றுக் கூடுதலாக இருக்கும். ஓடும்போது அது இரண்டரை மடங்கைத் தொடும். பாதயாத்திரை பழக்கியது தோலை. ஓட்டத்தின் எடையை எலும்பு இனிமேல்தான் பார்க்கப் போகிறது.

ஆகவே முதல் மாதம் நடை. மொட்டைமாடியிலோ தெருவிலோ தினம் அரை மணி நேரம். கூடவே வீட்டுக்குள் மூன்று பயிற்சிகள். ஒன்று, படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது. ஏற்றுவதைவிட இறக்குவது மெதுவாக இருக்கட்டும். ஒற்றைக் காலில் இருபது முறை தடுமாறாமல் செய்ய முடிந்தால் ஓடத் தயார். இரண்டு, மற்ற நாலு விரல்களும் தரையில் இருக்கக் கட்டைவிரலை மட்டும் தூக்குவது. பிறகு கட்டைவிரல் தரையில் இருக்க மற்றவற்றைத் தூக்குவது. முதல் நாள் ஒன்றுமே அசையாது, சிரிப்பு வரும். சில வாரங்களில் அசையும். மூன்று, குதிகால் தரையில் படியக் குத்தவைத்து உட்காருவது. தாத்தா பாட்டிக்கு இது பயிற்சியே இல்லை. நாற்காலிக்குப் பழகிவிட்ட நமக்குக் கெண்டைச்சதை அனுமதிப்பதில்லை.

இரண்டாம் மாதம் ஓட்டம். ஐந்து நிமிடம் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள். வழக்கமான ஷூ ஓட்டத்துக்கு முன்னால், கால் களைப்பாகும் முன்பே அதை முடித்துவிட வேண்டும். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைக்கலாம். இந்தக் கணக்கில் அரை மணி நேரத்தை எட்ட ஆறு மாதமாவது ஆகும், ஆகட்டும்.

எந்தத் தரை? மணல் என்று எல்லோரும் நினைப்பார்கள். உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் அக்கிலிஸ் தசைநாண் கூடுதலாக இழுபடும். அலையோர ஈரமணல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். மேலும், மணலில் எப்படி விழுந்தாலும் வலிக்காது, பாடம் நடக்காது. சுத்தமான, வழுவழுப்பான சிமெண்ட் தரையோ தார்ச்சாலையோதான் முதல் வகுப்பறை. தப்பாக ஊன்றினால் உடனே சொல்லிவிடும். நேரம் விடிகாலை. கோடை நண்பகலில் தார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கொப்புளம் வர சில நொடிகள் போதும்.

எப்படி ஓடுவது என்பதற்கு நீண்ட பட்டியல் வேண்டாம். இடுப்புக்குக் கீழேயே கால் விழட்டும். முன்னால் எட்டிப் போட வேண்டாம். அடிகள் சின்னதாக, வேகமாக இருக்கட்டும். வலது கால் அரை நிமிடத்தில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். 40 என்றால் 42 ஆக்குங்கள். அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைவதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹைடர்ஷைட் குழு 2011-இல் காட்டியது. இது ஷூ போட்டவர்களுக்கும் பொருந்தும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, முன்பாதத்தில் ஊன்ற வேண்டும் என்று கேள்விப்பட்டு நுனிக்காலிலேயே ஓடுவது. குதிகால் ஒவ்வோர் அடியிலும் தரையைத் தொட்டே ஆக வேண்டும். தொடாவிட்டால் கெண்டைச்சதைக்கு ஓய்வே இல்லை. மறுநாளைவிட அதற்கடுத்த நாள் படி இறங்க முடியாது. காதையும் திறந்து வையுங்கள்: ‘பட் பட்’டென்று சத்தம் வந்தால் கால் தரையை அடிக்கிறது. கொப்புளத்துக்குக் காரணம் உராய்வு. கட்டைவிரலடியில் வந்தால் தரையைப் பின்னால் சுரண்டித் தள்ளுகிறீர்கள். காலைத் தள்ளாமல் தூக்கப் பழகினால் கொப்புளம் வராது.

யாருக்குச் சரிப்படாது?

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை லேசாக அழுத்தி, ‘தெரிகிறதா?’ என்று கேட்பார். வளைய 10 கிராம் விசை போதும். அது தெரியவில்லை என்றால், முள் குத்தினாலும் தரை சுட்டாலும் செய்தி மேலே போகாது என்று பொருள். செய்திதான் வெறுங்கால் ஓட்டத்தின் சாரம் என்றால், செய்தி வராத காலுக்கு அது ஆபத்து மட்டுமே. அத்தகையவர்களுக்கு எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் செருப்பே கவசம், வீட்டுக்குள்ளும் கழற்றக் கூடாது. காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், பாதத்தில் முன்பே முறிவு கண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மற்றவர்கள் டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகவில்லையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஈரமான, அசுத்தமான மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் உள்ளங்கால் தோல் வழியே உடம்புக்குள் நுழையும். அந்த மாதிரி இடங்களைத் தவிர்க்க வேண்டும். நெருஞ்சியும் கருவேல முள்ளும் உள்ள பாதை எது என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வலிகளையும் பிரித்தறிய வேண்டும். கெண்டைச்சதை முழுக்கப் பரவலாக வலித்தால் அது பயிற்சியின் கூலி. இரண்டு நாளில் போய்விடும். பாதத்தின் மேற்புறத்தில், ஒற்றை விரல் நுனியால் ‘இங்கேதான்’ என்று தொட்டுக் காட்டும்படி வலித்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். நுண்முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தம் என்ற தைரியத்தில் ஓடிவிடக் கூடாது.

ஷூவா, வெறுங்காலா என்ற சண்டையில் எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை. ஓட்டக்காலணிகளும் காயங்களும் பற்றிய 12 பரிசோதனைகளை, 11,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளோடு, காக்ரேன் அமைப்பு 2022-இல் அலசியது. எந்த வகைக் காலணி காயத்தைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. எனவே ஓராண்டு கழித்து முழுத் தூரமும் வெறுங்காலில் ஓடுகிறீர்களா, வாரம் இருமுறை பத்து நிமிடம் மட்டும் ஓடிவிட்டு மிச்சத்துக்கு ஷூ போட்டுக்கொள்கிறீர்களா என்பது அவரவர் விருப்பம். பத்து நிமிடத்திலேயே பாடம் கிடைத்துவிடுகிறது. வெறுங்காலில் பழகிய சின்ன அடியும் சத்தமில்லாத ஊன்றலும் ஷூவுக்குள்ளும் தொடரும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தோல் எரிந்ததும் சொல்லிவிடும். தசை மறுநாள் சொல்லும். எலும்பு, விரிசல் கண்ட பிறகே வாய் திறக்கும். அதற்கு வலி வந்தபின் நிறுத்திப் பயனில்லை. ‘இன்னும் இரண்டு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம்’ என்று கால்கள் துறுதுறுக்கும் அந்த இரண்டாம் மாதத்தில், காலைக் கேட்காமல் நாள்காட்டியைக் கேளுங்கள்.